மன்னிப்பும் தீர்ப்பும்

1996 இல் மத்திய வங்கியைத் தகர்த்த குண்டைக் கண்ட கொழும்புக்குக் காவல் வேண்டும், அதனை மறுப்பாரில்லை. ஆயின், குண்டையும் கட்டுரையையும் ஒரே துலாக்கோலில் நிறுப்பது காவலாகுமா? 1979 இல் தற்காலிகமாக இயற்றப்பெற்று, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வாறே நிறுத்தது. 2006 இல் ஆங்கிலச் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரைகளுக்காகவும், அதற்கு நிதி திரட்டியமைக்காகவும், பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகத்துக்குப் புதுக்கடை மேல் நீதிமன்றம் 2009 ஆகஸ்ட் 31 இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது.

2010 மே 3 இல், உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தன்று, சனாதிபதியின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. மன்னிப்பு மனிதரை விடுவிக்கும். எழுதியது குற்றமன்று என அது கூறாது. போரைப் பற்றி அடுத்து எழுத முனைவோன் மன்னிப்பையன்று, தீர்ப்பையே நினைவிற் கொள்வான். அவன் எழுதாது விடுவதை நீக்கத் தணிக்கையாளர் எவரும் தேவையில்லை.