கிளுவை வேலி

காரைக்காலில், அரசலாற்றை அடுத்த எங்கள் வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி இருந்தது. அதன் உச்சியில் ஓணான் வெயில் காயும். அடியில் சருகுக்குள் அரணை ஊரும். அந்தி சாய்ந்ததும் கிணற்றுச் சுவரின் இடுக்கிலிருந்து பல்லி வெளிவரும். பன்னிரண்டு வயதில் அம்மூன்றையும் பிடித்து, முற்றத்தில் கம்பிவலை அடைத்து ஒன்றாக விட்டேன். அவை உறவினர் ஆயிற்றே, கூடி வாழும் என்று நம்பினேன்.

மறுநாள் நண்பகல் சென்று பார்த்தேன். பல்லியைக் காணவில்லை, அதன் வால் மட்டுமே கிடந்தது. அரணை மூலையில் ஒடுங்கியிருந்தது. ஒதுங்க நிழலின்றி ஓணான் வாய்பிளந்து கிடந்தது. அப்பா கடிந்துகொள்ளவில்லை. “வேலியில் இம்மூன்றும் ஓரிடத்தில் இருந்ததை என்றேனும் கண்டாயா?” என்று மட்டும் கேட்டார். நான் வலையைப் பிரித்துவிட்டேன்.

சூழலிலிருந்து வெப்பம் பெறும் இவ்வுயிர்களுக்கு வெயிலும் நிழலும் உணவைப் போன்றே இன்றியமையாதவை. உயரம், தரை, பகல், இரவு எனப் பங்கிட்டுக்கொண்டே அவை அடுத்தடுத்து வாழ்ந்தன. என் கூண்டு அப்பங்கீட்டை அழித்தது. உடும்பு, பச்சோந்தி போன்றவற்றைப் பிடிப்பதை 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வேலியைக் காக்கவோ சட்டமில்லை.

இன்று அவ்விடத்தில் மதிற்சுவர் நிற்கிறது. இரவில் பல்லி வருகிறது. ஓணானும் அரணையும் வருவதில்லை. சென்ற மழைக்காலத்தில் சுவரோரம் கிளுவைப் போத்துகள் நட்டேன், அவை துளிர்த்திருக்கின்றன.