பழைய கோப்பும் புதிய எழுத்தும்

ஓலைச்சுவடிகள் கறையானுக்கு இரையானதை எண்ணித் தமிழுலகம் இன்றும் வருந்துகிறது. ஆனால் கறையான் அண்டாத பேழையில், ஈரம் படாத வட்டில், ஓர் எழுத்தும் குறையாமல் இருந்துகொண்டே ஒரு நூல் படிக்க இயலாததாகிவிடக்கூடும். இவ்வுண்மையைச் செங்காங்கில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம் வீட்டு மேசையிலேயே கண்டார்.

செங்காங் என்னும் சீனப் பெயருக்குச் செழிப்பான துறைமுகம் என்பது பொருள். மீனவர் குடியிருப்பு இருந்த அப்பகுதி 1990களின் பிற்பாதியில் அடுக்குமாடி நகரமாக எழத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் அவ்வாசிரியர் தம் மாணவர்களைத் தமிழ் முதியோரிடம் அனுப்பி, அவர்தம் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதிவரச் செய்தார். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், சிராங்கூன் சாலையில் பூத்தொடுத்து விற்றவர், மாடு வளர்த்துப் பால் கறந்தவர் எனப் பலரும் மனந்திறந்து பேசினர். மாணவர் எழுதிவந்தவற்றை ஆசிரியர் இரவுதோறும் கணினியில் அடித்துச் சேர்த்தார். நானூற்றுக்கு மேற்பட்ட கோப்புகள் திரண்டன. சொன்னவருள் பெரும்பாலோர் இன்று இல்லை. கையெழுத்துத் தாள்களும் வீடு மாறியபோது தொலைந்தன. எஞ்சியவை அக்கோப்புகளே.

ஒருநாள், பூத்தொடுத்த மூதாட்டியின் பேத்தி ஆசிரியரைத் தேடி வந்தாள். தன் பாட்டி சொன்ன கதையை ஒருமுறை படிக்க வேண்டும் என்றாள். ஆசிரியர் பெருமிதத்துடன் கோப்பைத் திறந்தார். திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிக் கிடந்தன. "சில நாள் பொறுத்துக்கொள், அம்மா" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தவருக்கு அன்றிரவு உறக்கமில்லை.

இந்நிலை நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கணினி எழுத்தின் வடிவத்தை நினைவில் வைப்பதில்லை. அதற்குரிய எண்ணையே வைக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதில் அக்காலத்தில் உடன்பாடு ஏற்பட்டிருக்கவில்லை. ஓர் எழுத்துருவில் ககரமாகத் தோன்றிய எண், வேறோர் எழுத்துருவில் மகரமாகத் தோன்றும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலோ அது வெறும் ஆங்கில எழுத்தாய் நிற்கும். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையிலும் மாநாடு நடந்தது. 2000இல் சிங்கப்பூரிலேயே உத்தமம் என்னும் அமைப்பு தோன்றியது. 1991இல் வந்த முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, மெல்ல மெல்ல வீட்டுக் கணினிகளையும் வந்தடைந்து பொதுவழக்காயிற்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தன் மின்னூல்களை முதலில் பழைய குறியீட்டு முறைகளில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது. நிறுவனங்கள் மாறிக்கொண்டன, தனியார் வீட்டுக் கோப்புகள் மாறாமல் கிடந்தன.

ஆசிரியரின் முன்னாள் மாணவர் ஒருவர் கணினித் துறையில் பணிபுரிபவர். சனிக்கிழமையன்று அவர் வந்தார்.

"ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினால் மாதக்கணக்கில் ஆகும், ஐயா. கட்டளை வரியில் எழுதினால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிடலாம்" என்றார்.

முதலில் அவர் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் படியெடுத்து, அவ்வட்டைக் கழற்றி ஆசிரியர் கையில் கொடுத்தார். "மூலத்தைத் தொடக்கூடாது, ஐயா" என்றார். பின்னர்க் கறுப்புத் திரையில் ஒரே வரி எழுதினார். லிப்ரே ஆபீஸ் என்னும் இலவசச் செயலி தன் சாளரத்தைத் திறவாமலே, பழைய வேர்டு வடிவில் முடியும் பெயருடைய கோப்புகள் அனைத்தையும் எடுத்துப் புதிய வடிவிற்கு மாற்றி, வேறொரு கோப்புறையில் இடவேண்டும் என்பதே அவ்வரியின் பொருள். பெயர்களைத் தனித்தனியே எழுதாமல் ஒரு நட்சத்திரக் குறி நின்று அனைத்தையும் சுட்டியது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

ஆசிரியர் ஆவலுடன் ஒரு கோப்பைத் திறந்தார். அதே சிதறல்!

"இப்போது மாறியது பெட்டி மட்டுமே, உள்ளிருக்கும் எண்கள் மாறவில்லை" என்று மாணவர் விளக்கினார். அடுத்து, பழைய எண்ணுக்குரிய ஒருங்குறி எழுத்தை அட்டவணையாக அமைத்துச் சிறு நிரல் ஒன்று எழுதினார். பழைய முறையில் கொம்பு மெய்க்கு முன்னே அடிக்கப்படும். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னே வைக்கப்படும். அதனையும் நிரல் இடம்மாற்றியது. நானூறு கோப்புகளும் தமிழாயின. ஆசிரியரின் கண்கள் கலங்கின.

ஆயினும் ஆசிரியர் அல்லரோ! சிவப்பு மை தொட்ட கண் சும்மா இராது. மூதாட்டியின் கதையை அவர் படிக்கலானார். 1978 டிசம்பரில் சிங்கப்பூரை மூழ்கடித்த பெருமழையின்போது பூக்கூடையுடன் நீரில் நின்ற நிகழ்ச்சியை அவ்வம்மையார் சொல்லியிருந்தார். அங்கே 'வெள்ளம்' என்னும் சொல் வெள்ளமாக இல்லை. வகரத்தோடு ஔகாரக் குறி ஒட்டி, அதன்மேல் புள்ளியும் ஏறி நின்றது. 'தெளிவு', 'வெளியே' ஆகியவையும் அவ்வாறே சிதைந்திருந்தன. சாலைப் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்திருந்த இடங்களிலோ பொருளற்ற தமிழெழுத்துகள் வரிசையாக நின்றன.

"நிரல் பிழை செய்யவில்லையே, ஐயா" என்று மாணவர் திகைத்தார்.

பிழையின் வேர் பழையது. பல பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்திற்கும் ஒரே வடிவம், ஒரே எண். 'மௌனம்' என்பதில் வரும் குறியையும் 'வெள்ளம்' என்பதில் வரும் ளகரத்தையும் பொறி வேறுபடுத்தி அறியாது. ஏட்டுச்சுவடிகளில் புள்ளியின்றிக் குறில் நெடில் மயங்கியதும், காலும் ரகரமும் ஒன்றுபோல் நின்றதும், உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கி 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்ததும் ஆசிரியரின் நினைவுக்கு வந்தன.

அவர் சிறிது எண்ணிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, 'வௌ' என்பது முன்பே உயிர்மெய். அதன்மேல் புள்ளியோ மற்றோர் உயிர்க்குறியோ ஏற இலக்கணம் இடந்தராது. ஆகவே அந்த வடிவத்தை அடுத்துப் புள்ளியோ குறியோ வந்தால் அது ளகரமே. வாராத இடங்களைத் தனியே பட்டியலிட்டுக் கொடு; நான் பார்க்கிறேன்."

மாணவர் அவ்விதியை நிரலில் சேர்த்தார். ஆங்கிலச் சொற்களுக்கும் வழி பிறந்தது. புதிய வேர்டு வடிவில் ஒவ்வொரு பகுதியும் எந்த எழுத்துருவில் அமைந்தது என்ற குறிப்பு உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். முதலில் வீண்வேலை எனத் தோன்றிய வடிவமாற்றம் இப்போது பயன்பட்டது. தமிழ் எழுத்துரு பெற்ற பகுதியை மட்டும் மாற்றுமாறு நிரல் திருத்தப்பட்டது. இம்முறை ஒரே கோப்பில் சோதித்துப் பார்த்த பின்னரே எஞ்சியவற்றை ஓட்டினர். பட்டியலில் நின்ற கௌரவம், பௌர்ணமி, வௌவால் முதலிய சொற்களை ஆசிரியர் மூன்று மாலைகளில் படித்து முடித்தார்.

நானூறு கோப்புகளைப் பொறி சில நிமிடங்களில் மாற்றுகிறது. ஒரு பிழையையும் அவ்வாறே நானூறு கோப்புகளிலும் நொடியில் விதைத்துவிடுகிறது. மூலத்தைக் காப்பதும், ஒன்றில் சோதித்துப் பின் பலவற்றில் செய்வதும், மொழியறிந்தவர் கண்ணால் படித்துப் பார்ப்பதும் அதனால் கட்டாயமாகின்றன. கணினி வந்தபின் இலக்கணம் எதற்கு என்று வகுப்பில் கேட்கும் மாணவனுக்கு 'வெள்ளம்' என்னும் ஒரு சொல்லே விடை கூறும்.

அடுத்த ஞாயிறு பேத்தி வந்தாள். ஆசிரியர் அச்சிட்ட தாள்களை அவளிடம் தந்தார். வெள்ளத்தில் நின்ற இடம் வந்ததும் அவள் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினாள். ஓரிடத்தில் நிறுத்தி, "பாட்டி இப்படித்தான் பேசுவாங்க, ஐயா" என்றாள். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. பழைய வட்டை எடுத்துத் துணியில் சுற்றி, மீண்டும் பேழையில் வைத்துப் பூட்டினார்.