அவர் எந்தக் கட்சி?

வரலாற்றாசிரியர் வராத நாளொன்றில் பத்தாந்தர வகுப்புக்கு நாம் சென்றிருந்தோம். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், அப்ப வவுனியாவுக்கு எம்.பி.யா இருந்த சுந்தரலிங்கம் எந்தக் கட்சி?" என்று வினவினான். 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் மலையகத்தைவிட்டு வந்து, இங்கே காடு வெட்டிக் குடியேறிய ஒருவரின் பேரன் அவன். விடைகூற நாம் தடுமாறினோம்.

கணிதப் பேராசிரியரான சி. சுந்தரலிங்கத்தை 1947 இல் வவுனியா சுயேச்சையாகவே பாராளுமன்றம் அனுப்பியது. சில வாரங்களில் அவர் ஐக்கிய தேசியக் கட்சி அரசின் வர்த்தக அமைச்சரானார். (1936 இன் தனிச்சிங்கள மந்திரிசபைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவரும் இவரே என்பர். கணிதம் எதற்கெல்லாம் உதவுகின்றது!) தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய சட்டத்தைக் கொண்டுவந்த மந்திரிசபையில் அவரும் இருந்தார். ஆனால் 1948 டிசம்பரில் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது சபையைவிட்டு வெளியேறினார். பிரதமர் சேனநாயக்கா விளக்கம் கேட்டார். இவர் பதவியையே துறந்தார். எதிரணியிலிருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் மந்திரியானதும் அதே ஆண்டிலேதான் என்பதை இதனோடு வைத்து நோக்குக.

பின்னர் 1951 இலும் 1955 இலும் ஆசனத்தை இழந்து, இடைத்தேர்தலில் மீண்டார். 1959 இல் தாமே ஒரு முன்னணி அமைத்தார். 1960 மார்ச்சில் வவுனியா அவரைக் கைவிட்டது.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் மாணாக்கனுக்கு விடைகூறுதல் எளிது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே வரலாகாதென வழிமறித்தோரின் முன்னே நின்றவரும் இதே சுந்தரலிங்கந்தான். மந்திரி நாற்காலியை எளிதில் விட்ட மனிதரால் பிறந்த சாதியின் வாசலை விட முடியவில்லை. கட்சி மாறிகளை ஏசுவதில் நம் மேடைகளுக்குச் சலிப்பே இல்லை. இந்த மாறாமையைப் பற்றியோ அவை வாய்திறப்பதில்லை.

இவற்றையெல்லாம் சொன்னோம். "அப்ப அவர் எங்கட பக்கமா, இல்லையா சேர்?" என்றான் பையன். மணி அடித்துவிட்டது.

அவனுக்கு விடைகூறும் யோக்கியதை நமக்குண்டா என்று வழியெல்லாம் எண்ணினோம். சென்ற மாதம் அவன் கட்டுரைக் கொப்பியுடன் நம் வீட்டுக்கு வந்திருந்தான். அடுப்படி மூலையில் வேறாக வைத்திருந்த பேணியிலே அன்னையார் அவனுக்குத் தேநீர் கொடுத்தார். நாம் அதைக் கண்டோம். கண்டபின்னும் அவனுடைய கொப்பியில் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தோம்.