எட்டு உயிர்களின் கணக்கு

எழுபதைத் தொடும் வயதில் ஒரு தமிழாசிரியன் பொம்மைப்படம் பார்த்துக் கண்கலங்கினான் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். நகைப்பதில் தவறில்லை. நானும் அவ்வாறு நகைத்தவனே. மாணவர்கள் கார்ட்டூன் கதைகளைப் பேசக் கேட்கும் போதெல்லாம், "அந்த நேரத்தில் ஒரு நல்ல நூலைப் படித்திருக்கலாமே" என்று கடிந்துகொண்டவன் நான்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. எல்லாரும் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தோம். அந்நாள்களில் ஒருநாள் என் பெயர்த்தி என்னிடம் வந்தாள். "தாத்தா, நீங்கள் எப்போதும் புறநானூற்று வீரத்தையே பேசுகிறீர்கள். இந்த வீராங்கனையையும் ஒருமுறை பாருங்களேன்" என்றாள். மறுக்க மனம் வரவில்லை. அமர்ந்தேன்.

அவள் காட்டியது 'செய்ரேய் நோ மொரிபிதோ' என்னும் ஜப்பானிய உயிரோவியத் தொடர். 'ஆவியின் காவலர்' என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். நஹோக்கோ உயெஹாஷி என்னும் எழுத்தாளர் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட புதினத்தைத் தழுவியது. கென்ஜி கமியாமாவின் இயக்கத்தில் 2007ஆம் ஆண்டில் 26 பகுதிகளாக ஒளிபரப்பானது. உயெஹாஷி மானிடவியல் அறிஞர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே கள ஆய்வு செய்தவர். சிறுவர் இலக்கியத்துக்கான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருதை 2014ஆம் ஆண்டில் பெற்றவர். இவற்றையெல்லாம் நான் பின்னரே அறிந்தேன். அன்று என் கண்ணில் பட்டவள் பால்சா ஒருத்திதான்.

பால்சாவுக்கு முப்பது வயது. கையில் ஓர் ஈட்டி. தோளில் ஒரு மூட்டை. கூலிக்குப் பிறரைக் காக்கும் மெய்க்காவல் அவள் தொழில். புதிய யோகோ என்னும் கற்பனை நாட்டுக்குள் அவள் நுழையும் வேளையில், பாலத்தின்மேல் சென்ற வண்டியிலிருந்து இளவரசன் சக்கும் ஆற்றில் வீழ்கிறான். அவள் பாய்ந்து காப்பாற்றுகிறாள். அது தற்செயலான விபத்தன்று. சிறுவனுக்குள் நீர்ப்பேய் புகுந்துவிட்டதென்றும், அதனால் நாட்டில் பெரும் வறட்சி வருமென்றும் அஞ்சிய பேரரசன், பெற்ற மகனையே மறைவாகக் கொல்லத் துணிந்திருக்கிறான். தாயாகிய அரசி, முன்பின் அறியாத இந்த ஈட்டிக்காரியிடம் மகனை ஒப்படைக்கிறாள்.

பால்சா மிகுதியாகப் பேசுவதில்லை. வஞ்சினம் கூறுவதில்லை, வெற்றியில் ஆர்ப்பரிப்பதுமில்லை. வேட்டைநாய்களைப் போல் அரண்மனையின் காவல்வீரர்கள் துரத்தி வருகிறார்கள். அவள் படுகாயம் அடைகிறாள். ஆயினும் அவர்களுள் ஒருவரையும் கொல்வதில்லை. இது எனக்கு வியப்பாக இருந்தது. போர்க்களத்தில் கொல்லாமல் போரிடுவது கொன்று போரிடுவதைவிடப் பன்மடங்கு கடினம். அவள் ஏன் அக்கடினத்தைத் தேர்ந்துகொண்டாள்?

விடை அவளது இளமையில் இருக்கிறது. கன்பால் நாட்டில் அவள் தந்தை அரச மருத்துவர். அரசனை நஞ்சூட்டிக் கொல்லும் சூழ்ச்சியில் வலுக்கட்டாயமாகச் சிக்கவைக்கப்பட்டவர். தம் உயிர் தப்பாது என உணர்ந்த அவர், ஆறு வயது மகளை நண்பன் ஜிகுரோவிடம் ஒப்படைத்தார். ஜிகுரோ அரசனின் தலைசிறந்த ஈட்டி வீரருள் ஒருவன். பதவி, புகழ், பிறந்த மண் அனைத்தையும் துறந்து குழந்தையோடு ஓடினான். அவனைக் கொல்ல அனுப்பப்பட்டவர்கள் அவனுடைய தோழர்களே. அந்தச் சிறுமி உயிர் வாழ்வதற்காக அவன் எட்டுத் தோழர்களைத் தன் கையால் கொல்ல நேர்ந்தது.

இதை உணர்ந்து வளர்ந்த பால்சா ஓர் உறுதி பூணுகிறாள். தன்பொருட்டு மாண்டவர் எட்டுப் பேர். ஆகவே தானும் எட்டு உயிர்களைக் காப்பாற்றி அக்கடனைத் தீர்ப்பேன் என்பதே அவ்வுறுதி. சக்கும் எட்டாவது உயிர்.

இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பெயர்த்தி, கதை பிடிக்கவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டாள். உண்மை அதுவன்று. எனக்கும் ஒரு கணக்கு இருந்தது.

நான் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். என் தாய் மறைந்தபோது எனக்கும் ஆறு வயதுதான். என்னை வளர்த்தவர் என் அத்தை. இருள் பிரியுமுன் எழுந்து, எனக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டுப் பிரட்டுக்குச் செல்வார். பால்மரம் வெட்டி, மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சுமந்து கொட்டிவிட்டு, நண்பகல் கழிந்து திரும்புவார். மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து வெட்டுக்கத்தியைத் தீட்டுவார். என்னைத் தழுவிக் கொஞ்சியதாக எனக்கு நினைவில்லை. எனக்காக நிச்சயித்த திருமணத்தையே வேண்டாமென்று விலக்கியவர் அவர் என்பதை, நான் ஆசிரியனான பின்பு அண்டை வீட்டுப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன்.

அன்றுமுதல் ஒரு குறிப்பேட்டில் கணக்கு எழுதத் தொடங்கினேன். திங்கள்தோறும் அத்தைக்கு அனுப்பிய ஐம்பது வெள்ளியையும் ஆண்டு வாரியாகக் குறித்தேன். ஒரு தீபாவளியன்று அந்த ஏட்டைப் பெருமையோடு அவரிடம் காட்டினேன். அத்தை அதைத் திறந்தும் பார்க்கவில்லை. "தம்பி, கணக்கு எழுதி வைக்கவா உன்னை வளர்த்தேன்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

கொடுத்தது போதவில்லை என்று சொல்கிறார் எனப் பொருள் கொண்டேன். மனம் நொந்து அடுத்த தீபாவளிக்கு நான் தோட்டத்துக்குப் போகவில்லை. பணம் மட்டும் தவறாமல் சென்றது. தைப்பொங்கல் வருமுன் அத்தை மறைந்துவிட்டார். அவர் சொல்லின் பொருள் நாற்பது ஆண்டுகளாக என் நெஞ்சில் முள்ளாகவே தங்கியிருந்தது.

மறுநாள் நானே பெயர்த்தியை அழைத்து, கதையைத் தொடரச் சொன்னேன்.

இளவரசனின் உடலில் இருந்தது பேயன்று. மழையைத் தரும் நீர்த்தெய்வத்தின் முட்டை. நாட்டின் முதல் பேரரசன் நீர்ப்பேயைக் கொன்று குடிகளைக் காத்தான் என்பது அரண்மனை எழுதிய வரலாறு. முட்டையைக் காத்தால்தான் மழை உண்டு என்பது அம்மண்ணின் பழங்குடிகளாகிய யாக்கூ மக்கள் வழிவழியாகக் காத்த உண்மை. அரசன் கொல்வதை வீரம் என்கிறான். பால்சா காப்பதை வீரம் ஆக்குகிறாள். வள்ளுவர் படைச்செருக்கும் பாடினார், கொல்லாமையும் பாடினார். இரண்டையும் வெவ்வேறு பாடங்களாகவே நான் நடத்தி வந்தேன். ஓர் உள்ளத்தில் அவ்விரண்டும் ஒன்றாய் உறையக்கூடும் என்பதை இவளிடம் கண்டேன்.

துரத்துவோர் கண்ணுக்கு மறைந்து, ஒரு நீராலை வீட்டில் இருவரும் எளிய குடிகளாய் வாழ்கின்றனர். அரண்மனைப் பிள்ளை உழைத்து உண்ணக் கற்கிறான். அந்நாள்களில் எட்டு என்னும் எண் மெல்லமெல்லப் பொருளிழந்து போகிறது. சக்குமைக் காக்கும்போதுதான் தன்னைக் காத்த ஜிகுரோவின் உள்ளம் அவளுக்கு விளங்குகிறது. அவன் அவளை ஒரு கடனாகச் சுமக்கவில்லை. அவளோடு வாழ்ந்த வாழ்வே அவனுக்குப் பேறாக இருந்திருக்கிறது.

முடிவில், மூத்த இளவரசன் இறந்துவிட்டமையால் சக்கும் பட்டத்துக்குரியவனாக அரண்மனை திரும்ப வேண்டியதாகிறது. பால்சா அவனைத் தடுக்கவில்லை, கதறவுமில்லை. ஈட்டியை எடுத்துக்கொண்டு பிறந்த நாட்டை நோக்கி நடக்கிறாள். கல்நெஞ்சம் என்று நாம் கருதுவது பல வேளைகளில் பிறர்க்குப் பாரமாகிவிடக் கூடாதென்று தன்னைக் கட்டிக்கொண்ட நெஞ்சமாகவே இருக்கிறது.

அத்தை கேட்டது குறையன்று என்பது அப்போது விளங்கியது. நீ எனக்குக் கடன்பட்டவன் அல்லன் என்பதைத்தான், கொஞ்சத் தெரியாத அந்த வாய் அப்படிச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டறியும் செவி எனக்கு அன்று இல்லாமற் போயிற்று.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் பார்க்கும் கதைகளைப் பாராமலே பழிக்க வேண்டா. ஒருநாள் அவர்களருகில் அமர்ந்து பாருங்கள். நாம் கற்பிக்க எண்ணும் அறம் அங்கே வேற்று உடையில் நின்றுகொண்டிருக்கலாம்.

தொடர் முடிந்த இரவு, "தாத்தா, ஏன் அழுகிறீர்கள்?" என்று பெயர்த்தி கேட்டாள். அன்றுதான் முதன்முறையாக என் அத்தையைப் பற்றி அவளிடம் சொன்னேன். ஈட்டியைப் பற்றிக் கேட்ட அதே ஆர்வத்தோடு வெட்டுக்கத்தியைப் பற்றியும் கேட்டாள். அந்தப் பழைய கணக்கேட்டை நான் இன்னும் எறிந்துவிடவில்லை. ஆனால் அதன் வெற்றுப் பக்கங்களில் இப்போது அத்தையின் கதையை எழுதி வருகிறேன்.