ஒரு யூனிட் வெயில்!

"முப்பது வருஷமா வெயிலைத் திட்டிக்கிட்டே இருந்தீங்க. இப்ப ஏணி போட்டு ஏறி அதுக்குத் துடைச்சுவிடுறீங்க!"

கீழே நின்ற மனைவி கேலி செய்ய, வேன் கூரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டார். கையில் ஈரத்துணி. முன்னால் இரண்டு சோலார் பேனல்கள். திண்டுக்கல் புழுதி ஒரு வாரம் படிந்தாலே பேனல் கொடுக்கும் கரன்ட் குறைந்துவிடும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டியவர் அவர். ராத்திரி ஏற்றினால் விடியும்போது இறக்க வேண்டும். முருங்கைக்காயும் தக்காளியும் பார்த்த ஊர்களை அவர் மனைவி பார்த்ததில்லை. "ஒரு தடவை ராமேஸ்வரம் போயிட்டு வரணுங்க" என்று கல்யாணமான புதிதில் கேட்டார். முதலில் லோடு, பிறகு பிள்ளைகள் படிப்பு, பிறகு மகள் கல்யாணம். எல்லாம் முடிந்தபோது மனைவிக்குச் சர்க்கரை நோய் வந்து, தினம் இரண்டு வேளை இன்சுலின் என்றாகிவிட்டது. "மருந்தைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? வீட்டு ஃப்ரிட்ஜை முதுகுல கட்டிக்கவா முடியும்?" என்று அவரே ஆசையை மூட்டை கட்டிவிட்டார்.

முட்டிவலியால் ஓட்டுநர் வேலையை விட்டதும் லாரியை விற்று, பழைய வேன் ஒன்றை வாங்கினார் கணவர். வண்டியில் எதை மாற்றினாலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே வரும் என்பதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே வேலையை ஆரம்பித்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, காரில் வைக்கும் குட்டி ஃப்ரிட்ஜ். கோவையில் இருக்கும் மகன் சூட்கேஸ் அளவில் ஒரு 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' வாங்கி அனுப்பினான்.

இவ்வளவுதானா?

"இதுல எவ்வளவு கரன்ட் இருக்கும்?" என்று மனைவி கேட்டார்.

"ஆயிரம் வாட் ஹவர்."

"ஈ.பி. கணக்குல சொல்லுங்க."

"ஒரு யூனிட்."

மனைவி அவரையே பார்த்தார். "ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் கவர்மென்ட்டே சும்மா குடுக்குது. ஒரு யூனிட்டுக்கா இத்தனை செலவு?"

நியாயமான கேள்விதான். ஆனால், அந்த ஒரு யூனிட்டை வீட்டில் ஏற்றிக்கொண்டு போனால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். குட்டி ஃப்ரிட்ஜ் நம் ஊர் சூட்டில் நாளொன்றுக்கு அரை யூனிட் கேட்கும். 28 வாட் ஃபேன் இரண்டு, ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய இன்னொரு அரை யூனிட். விளக்கும் செல்போன்களும் தனி. மறுநாளைக்கான கரன்ட்டைப் போகிற இடத்திலேயே பிடித்தாக வேண்டும். மின்சார அடுப்பில் இட்லி அவிக்கலாமா என்று மனைவி கேட்டதற்கு, "ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இட்லிக்கு கேஸ்தான்" என்று சொல்லிவிட்டார்.

வண்டியில் சோலார் என்ற யோசனையே பேத்தி காட்டிய ஒரு செய்தியிலிருந்து வந்ததுதான். திருவண்ணாமலை பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரி அடுப்புக்குப் பதில் சூரிய சக்தியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகளுக்கான பருவநிலை விருதைப் பெற்றவர். அடுத்த ஆண்டே கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். "இஸ்திரிப் பெட்டியே சூடாகும்னா, ஒரு ஃப்ரிட்ஜ் குளிராதா தாத்தா?" என்றாள் பேத்தி.

கூரைமேல் 200 வாட் பேனல்கள் இரண்டு ஏறின. வடநாட்டில், வெளிநாட்டில் எல்லாம் பேனலைச் சாய்த்து வைப்பார்கள். திண்டுக்கல் நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரி சொச்சம்தான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கே வந்து, நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அதனால் கூரையில் படுக்கப் போட்ட பேனலாலும் பெரிய நஷ்டமில்லை. சூட்டில்தான் நஷ்டம். 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் நூற்றில் கால் பங்குக்கும் மேல் குறையும். நம் ஊர் கோடையில் பேனல் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தூசி, வயர், மேகம் என்று எல்லாவற்றையும் கழித்து, நல்ல வெயில் நாளில் ஒன்றேகால் யூனிட் தேறும் என்று கணக்குப் போட்டு வைத்தார்.

பழநியில் ஒரு புளியமரம்

முதல் ஒத்திகை பழநி. அடிவாரத்துக்கு அப்பால் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். முப்பது வருட ஓட்டுநர் புத்தி, நிழலைத் தேடித்தானே போகும்? பெட்டியின் திரையில் 38 வாட் என்று காட்டியது. நகர்த்திப் பார்த்தார். ஒரு பேனலில் மட்டும் கிளை நிழல் விழுந்தபோதும் கரன்ட் பாதிக்குக் கீழே போனது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் கோத்திருந்ததால், நிழலில் கிடந்த பேனல் வெயிலில் கிடந்ததையும் சேர்த்து இழுத்துவிட்டது.

ராத்திரி மூன்று மணிக்குப் பெட்டியில் பத்து சதவிகிதம்தான் மிச்சம். ஃபேனா, ஃப்ரிட்ஜா? சத்தமில்லாமல் ஃபேனை நிறுத்தினார். மனைவி புழுக்கத்தில் புரண்டபோது நியூஸ்பேப்பரை மடித்து விடியும்வரை விசிறிக்கொண்டிருந்தார். காலையில் கண் விழித்த மனைவிக்கு அது தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. காபியில் மட்டும் பால் கொஞ்சம் தாராளமாக இருந்தது.

ஊர் திரும்பியதும், பெட்டி ஏற்கும் மின்னழுத்த எல்லையைப் பார்த்துவிட்டு, தடிமனான வயர் போட்டுப் பேனல்களைப் பக்க இணைப்புக்கு மாற்றினார். இனி ஒன்றில் நிழல் விழுந்தால் மற்றதாவது உழைக்கும். ஓடும்போது வண்டியின் 12 வோல்ட் பிளக்கிலிருந்தும் சார்ஜ் ஏற வழி செய்துகொண்டார்.

மானாமதுரைப் பானை

இரண்டாவது பயணம், ராமேஸ்வரம். வழியில் மானாமதுரையில் மண்பாண்டக் கடைகளைப் பார்த்ததும் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னார். கடத்துக்குப் பேர்போன ஊர் அது. "ஃப்ரிட்ஜே இருக்கும்போது பானை எதுக்கு?" என்று இவர் முணுமுணுக்க, "தண்ணி குடிக்க" என்று வாங்கி, அங்கேயே நிரப்பி, கட்டில் காலோடு கட்டிவைத்தார்.

ராமநாதபுரம் தாண்டி மதியச் சாப்பாடு. இந்த முறை மர நிழல் கிடையாது, நல்ல வெயிலில் நிறுத்திக் கதவுகளைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. பெட்டியின் திரையில் சிவப்பாக ஒரு தெர்மாமீட்டர் படம். சார்ஜும் ஏறவில்லை, ஃப்ரிட்ஜும் ஓடவில்லை. இப்படிப்பட்ட லித்தியம் பெட்டிகள் பெரும்பாலும் 45 டிகிரி சூட்டுக்கு மேல் தம்மைக் காத்துக்கொள்ள வேலை நிறுத்தம் செய்துவிடும். பின் கண்ணாடிக்குப் பக்கத்தில், நேர் வெயிலில் அதை வைத்திருந்தார். கூரைமேல் கரன்ட் கொட்டிக்கொண்டிருக்க, கீழே வாங்கிக்கொள்ள ஆளில்லை.

ஃப்ரிட்ஜுக்குள் 14 டிகிரி. ஏறிக்கொண்டிருந்தது. இன்சுலினை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறையவும் கூடாது, சூட்டில் கிடக்கவும் கூடாது. அவர் கை நடுங்கியது.

மனைவி நடுங்கவில்லை. மருந்தை எடுத்து, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு, பானைத் தண்ணீருக்குள் இறக்கினார். ஈரத்துண்டைப் பானையைச் சுற்றிக் கட்டி, நிழல் பக்கமாகக் காற்றில் வைத்தார். "எங்க ஆத்தா காலத்துல இதுதான் ஃப்ரிட்ஜ்." டாக்டருக்குப் போன் செய்தார்கள். பானையின் குளிர்ச்சியில் சில மணி நேரம் இருந்தால் பயமில்லை, பூட்டிய வண்டிச் சூட்டில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார் அவர்.

அப்புறம் பவர் ஸ்டேஷனை மனைவியே காட்டிய இடத்துக்கு, கட்டிலுக்கடியில் காற்றோட்டமாக, நகர்த்தினார்கள். "மேல இருக்கறது வெயில்ல நிக்கட்டும். இதை எதுக்கு வெயில்ல போட்டீங்க? உழைக்கிறவனுக்கு நிழல் வேணாமா?" கண்ணாடிக்குத் திரை போட்டு, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்புப் படம் மறைந்தது. 240 வாட் ஏறத் தொடங்கியது. ஃப்ரிட்ஜ் மெல்ல உறுமியது.

மறுநாள் விடியலில் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்த மனைவி, ஈரப்புடவையோடு கடலையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வண்டிக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். ஐந்து டிகிரி. பானையையும் மறக்காமல் நிரப்பி வைத்தார்.

பத்து மணிக்கெல்லாம் வெயில் கொளுத்தத் தொடங்கிவிட்டது.

"ரொம்ப அடிக்குதா? கிளம்பிடலாமா?" என்றார் கணவர்.

மனைவி திரையைக் குனிந்து பார்த்தார். 71 சதவிகிதம்.

"இருக்கட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஏறட்டும். தனுஷ்கோடியும் பாத்துட்டுப் போயிடலாம்."