கடைசியில் வருபவரின் நடை

நுவாங் மலைக்கு எங்கள் பயணம் சாலாக் செலாத்தானில், அடுக்குமாடிக்குக் கீழே உள்ள கார் நிறுத்துமிடத்தில் தொடங்கும். அதிகாலை நாலரை மணி. கொம்யூட்டர் ரயில் இன்னும் ஓட ஆரம்பித்திருக்காது. விளக்கெரியும் ஒரே கடையில் நாசி லெமாக் நாலு பொட்டலம் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அவித்த முட்டை, பேரீச்சம்பழம், வியர்த்துக் களைக்கும்போது வாயில் போட்டுக்கொள்ள உப்பும் புளிப்புமான அசாம் போய். இவ்வளவுதான் மூட்டை.

நாங்கள் நால்வர். லோரி ஓட்டும் அண்ணன், தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற அக்கா, கணினி வேலை பார்க்கும் தம்பி, நான். யாரும் விளையாட்டு வீரர்கள் அல்லர். வார நாளில் பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமை காடு. மற்ற நாள்களில் விடியற்காலையில் பத்துமலையின் 272 படிகளிலும், பெட்டாலிங் ஜெயாவின் காசிங் குன்றிலும் காலைப் பழக்குவோம். நெடுந்தூர ஓட்டம், காட்டுப் பந்தயம் என்று பெயர் கொடுப்பதற்கு முன்னால் நுவாங்கில் ஒருமுறை நடந்து பார்ப்பது எங்கள் வழக்கம். எந்தப் பந்தயத்துக்கு உடம்பு தயார் என்பதை அந்த மலை சொல்லிவிடும்.

செராஸைத் தாண்டினால் ஊர்ப்பெயர்கள் பழைய மைல்கல் எண்களாகிவிடும். உலு லங்காட் டவுன் பத்து 14. அதற்கப்பால் வெந்நீர் ஊற்றுள்ள டூசுன் துவா, பிறகு பத்து 18. டுரியான் தோப்புகளும் ஆற்றோரக் கம்போங்குகளும் கடந்து, சாலை குறுகி, பாங்சுனில் முடியும். வனத்துறை அனுமதியைக் காட்டிப் பெயரைப் பதிந்துவிட்டு, தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

நுவாங்கின் உயரம் 1,493 மீட்டர். சிலாங்கூர் மாநிலத்தின் உயரமான மலைகளில் ஒன்று. பாங்சுன் வழியாக ஏறி இறங்க எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். முதல் சில கிலோமீட்டர் அகலமான மண்பாதை. மூங்கில் புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். ஒரு வளைவு முடிந்தால் இன்னொன்று, கண்ணுக்கு எட்டிய இடத்தில் மலையே தெரியாது. கால் வலிப்பதற்கு முன்னால் மனம் சலிக்கும். பேச்சுத் துணையின் அருமை புரிவது இங்கேதான். அண்ணன் ஈப்போ சாலையில் இரவு லோரி ஓட்டிய கதையை எடுப்பார். தம்பி கேள்வி மேல் கேள்வி கேட்பான். லோலோ முகாமில் ஆற்றங்கரையை அடையும்போது விடிந்திருக்கும், கதை பாதியில் நிற்கும்.

லோலோவில் அட்டைக்கடிக்கு அஞ்சிக் காலுறையை இறுக்கிக்கொள்வோம். மேலே இருக்கும் முகாமுக்கே மலாயில் அட்டைப் பெயர், கெம் பாச்சாட். அங்கிருந்து பாதை என்று ஒன்றில்லை. வேரைப் பிடித்து, பாறையில் கால் ஊன்றி ஏற வேண்டும். எங்கள் நால்வர் காலிலும் ஒரே காலணி, 'அடிடாஸ் கம்போங்' என்று நாடே அழைக்கும் கறுப்பு ரப்பர் காலணி. அடியில் பல்பல்லாக இருக்கும், சேற்றில் வழுக்காது, தண்ணீர் புகுந்தால் உடனே வடிந்துவிடும். விலையோ சொற்பம். கினபாலு மலையேறிகளும் காட்டுப் பந்தயக்காரர்களும் விரும்பி அணிகிறார்கள்.

இந்தக் காலணியைப் பார்க்கும்போது அக்காவுக்கு அவர் அம்மாவின் நினைவு வரும். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டி, மரத்துக்கு மரம் நடந்து வெட்டி, மறுபடி அதே நிரையில் நடந்து மங்குகளிலிருந்து பால் எடுத்து, வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோனவர். "அம்மா நடந்ததை யாரு கணக்கு வச்சா? மழ பேஞ்சா கூலி இல்ல, அதான் அவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு" என்றார் அக்கா. நெற்றி விளக்கும் ரப்பர் காலணியும் அன்றும் உண்டு. அவர்கள் நடையின் வேகத்தைக் கங்காணி முடிவு செய்தான். எங்கள் நடையின் வேகத்தை நாங்கள் முடிவு செய்கிறோம். இரண்டு தலைமுறையில் கிடைத்த இந்த உரிமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்த வேகத்தை எப்படி முடிவு செய்வது என்பதற்குக் கோலாலம்பூரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1938இல் ஏ. எஸ். கிஸ்பர்ட் என்பவரும் நண்பர்களும் திங்கட்கிழமை மாலைகளில் காட்டோரம் ஓட ஆரம்பித்தார்கள். சிலாங்கூர் கிளப்பின் தங்குமிடத்துக்கு, அங்கே கிடைத்த சலிப்பான சாப்பாட்டை வைத்து, 'ஹாஷ் ஹவுஸ்' என்று பட்டப்பெயர். அதையே குழுவுக்கும் சூட்டினார்கள். உலகெங்கும் பரவியிருக்கும் ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ் ஓட்டக் குழுக்களுக்கெல்லாம் தாய்க்குழு அதுதான். முயலாக ஒருவர் முன்னால் போய்க் காகிதத் துண்டுகளைப் போட்டு வழி குறிப்பார். மற்றவர்கள் தேடிக்கொண்டு ஓடுவார்கள். இடையிடையே தடயம் அறுந்துபோகும், பொய்வழிகளும் இருக்கும். வேகமானவர்கள் நாலு திசையிலும் ஓடிச் சரியான வழியைத் தேடி அலையும் நேரத்தில், பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். முந்தியவர் உழைப்பும் வீணில்லை, பிந்தியவரும் தனித்துவிடப்படுவதில்லை. கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் இறந்தார். போர் முடிந்ததும் உயிரோடிருந்த நண்பர்கள் ஓட்டத்தை மீண்டும் தொடங்கினார்கள். காலனி அதிகாரிகளின் பொழுதுபோக்காகப் பிறந்தாலும், அந்த விதியில் உள்ள அறிவை நான் மனமார எடுத்துக்கொள்கிறேன்.

சாகசப் பந்தயங்களில் இதையே இன்னும் கறாராக வைத்தார்கள். 2000 ஆகஸ்டில் சபாவில் தொடங்கிய ஈகோ சாலஞ்ச் பந்தயத்தில் பல நாடுகளைச் சேர்ந்த 304 பேர் கலந்துகொண்டார்கள். நால்வர் ஒரு குழு, ஆணும் பெண்ணும் கலந்திருக்க வேண்டும். காட்டு நடை, மலைச் சைக்கிள், படகு, குகை, ஆற்று நீச்சல் எல்லாம் உண்டு. நால்வரும் சேர்ந்து முடித்தால்தான் குழு முடித்ததாகக் கணக்கு. ஒருவர் விழுந்தால் மூவரின் உழைப்பும் அதோடு சரி.

அந்தப் பந்தயம் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. ஊர் திரும்பிய பலர் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். ஆய்வாளர்கள் தொடர்புகொண்ட 189 பேரில் 80 பேருக்கு எலிக்காய்ச்சலின் அறிகுறிகள் இருந்தன. விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரில் இருக்கும் கிருமி, தோலில் உள்ள கீறல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போகும். செகாமா ஆற்றில் நீந்தியதுதான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. முன்கூட்டியே டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுத்தவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு கிடைத்திருந்தது. அதனால்தான் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் லோலோ ஆற்று நீரை நாங்கள் அப்படியே குடிப்பதில்லை. முழங்காலில் சிராய்ப்பு இருந்தால் கழுவி மூடிவிட்டுத்தான் ஆற்றில் இறங்குவோம். மலையிறங்கிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதலில் சொல்வது, "காட்டுக்குப் போயிருந்தேன்" என்பதைத்தான்.

பாச்சாட் முகாமுக்கு மேலே பெங்காசே உச்சி. அதுதான் சிகரம் என்று நினைத்து ஏறுபவரை அது சோதிக்கும். அங்கிருந்து மறுபடி இறங்கி, மறுபடி ஏறினால்தான் நுவாங். ஒருமுறை அந்த இறக்கத்தில் அக்கா நின்றுவிட்டார். முழங்கால் அல்ல, மூச்சு. "நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க, நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றார்.

அண்ணன் மணியைப் பார்த்தார். திரும்ப வேண்டிய நேரத்தை ஏறுமுன்பே பேசி வைத்திருந்தோம். இன்னும் அவகாசம் இருந்தது. "அக்கா, நீங்க முன்னால போங்க. நாங்க உங்க பின்னாலயே வர்றோம். நீங்க நின்னா நிப்போம். அவசரம் இல்ல லா."

அக்கா முன்னால் போனார். இருபது அடி நடப்பார், மரத்தைப் பிடித்து நிற்பார், நாங்களும் நிற்போம். அதுவரை வேகமாக ஏறிக் கால் பிடித்துக்கொண்ட தம்பிக்கு இந்த நடையில் வலி விட்டுப்போனது. தைப்பூசத்துக்கு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலை வரை வெள்ளி இரதத்துக்குப் பின்னால் ஆண்டுதோறும் நடக்கிறவர் அக்கா. இரவெல்லாம் நின்று நின்று போகும் அந்த நடையை அவர் கால்கள் அறியும். மேகம் மூடிய உச்சியில் முதலில் கால் வைத்தவர் அவர்தான். பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டோம். காட்சி எதுவும் தெரியவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

இறங்கும்போது தம்பியிடம் நம் வீரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும். அடுத்த ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர் கோவிந்தசாமி சரவணன். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் பாடமாகத் தெரிய வேண்டும். அவர்கள் அளவுக்கு எல்லோரும் போக முடியாது. ஆனால் பொறுத்து நடப்பது நம் வீட்டுச் சொத்து என்பதை அவர்கள் நாடறியக் காட்டினார்கள். அந்தச் சொத்தை நீரிழிவுக்கும் நாற்காலிக்கும் பறிகொடுத்துவிடக் கூடாது.

தொடங்க நினைப்பவர்கள் செமினி பக்கம் இருக்கும் புரோகா குன்றுக்குப் போங்கள். நானூறு மீட்டர்தான், காலைச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பிறகு நுவாங், பிறகு மனம் கேட்கும் பந்தயம். விலையுயர்ந்த காலணியும் கடிகாரமும் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். முதலில் மூன்று பேரைச் சேருங்கள். அதில் ஒருவராவது உங்களைவிட மெதுவாக நடப்பவராக இருக்கட்டும். ஏற்றம் கடினமாகும்போது அவரை முன்னால் விடுங்கள்.