ஒரு கல்லுக்கு இரண்டு முகவரி

கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் நிற்கும் பரதேசி யூதப் பள்ளி என்ற வழிபாட்டிடம் 1568-இல் எழுந்தது. அதன் முற்றத்துச் சுவரில் பதித்திருக்கும் எபிரேயக் கல்வெட்டுக்கோ அதைவிட இரு நூற்றாண்டுக்கு மேல் வயது அதிகம். அருகிலுள்ள கொச்சங்காடியில் 1344-இல் கட்டிய பள்ளியின் கல் அது. அந்தப் பள்ளி இன்றில்லை. கல் மட்டும் இடம் மாறி வந்து வேறொரு சுவரில் தங்கிவிட்டது. கொச்சியின் பழஞ்சின்னங்களை டிஜிட்டல் வரைபடத்தில் ஏற்றப் புறப்படும் மாணவர் இதை எங்கே குறிப்பார்? கொச்சங்காடியிலா, மட்டாஞ்சேரியிலா?

மத்தியதரைக் கடல் நாடுகளின் சின்னங்களுக்காக இத்தகைய கேள்விகளைப் பல்கலைக்கழகங்கள் நேராக எதிர்கொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றாசிரியர் கரோலின் புரூசேலியஸ் முன்னின்று தொடங்கிய திட்டம் ஒன்று, இடைக்காலச் சிசிலி இராச்சியத்தின் தேவாலயங்கள், கோட்டைகள், கல்லறைகள் ஆகியவற்றின் பழைய ஓவியங்களையும் புகைப்படங்களையும் திரட்டி, இடவாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. நிலநடுக்கமும் புதுப்பித்தலும் போரும் தென் இத்தாலியின் கட்டடங்களை உருமாற்றிவிட்டன. நேப்பிள்ஸின் சாந்தா கியாரா தேவாலயம் 1943 ஆகஸ்டில் குண்டுவீச்சில் எரிந்தது. அதன் முந்தைய தோற்றத்தை அறியப் பழைய படங்களே துணை.

கொச்சிக்கும் அந்தக் கடலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. 1000-ஐ ஒட்டி, முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்) சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் யூத வணிகர் இஸ்ஸூப்பு இரப்பானுக்கு 'அஞ்சுவண்ணம்' உள்ளிட்ட உரிமைகளை வழங்கினார். அதைச் சொல்லும் செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. அதே அஞ்சுவண்ணம் தமிழகக் கடற்கரையில், தொண்டியை அடுத்த தீர்த்தாண்டதானபுரத்துப் பாண்டியர் காலக் கல்வெட்டிலும் வணிகக் குழுவாக வருகிறது. 12-ஆம் நூற்றாண்டில் துனிசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி, வெண்கலப் பட்டறை நடத்தினார். 1149-இல் ஏடனுக்குத் திரும்பினார். அவருடைய கடிதங்கள் கெய்ரோவின் பென் எஸ்ரா யூதப் பள்ளியில் கிடைத்த பழந்தாள் குவியலில் தப்பிப் பிழைத்தன. அந்தக் குவியலின் பெரும்பகுதி இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

ஆக மலபாரின் ஒரு வணிகர் வாழ்க்கையை வரைபடத்தில் காட்ட மஹ்தியா, ஏடன், மங்களூர், கெய்ரோ, கேம்பிரிட்ஜ் என ஐந்து புள்ளிகள் வேண்டும்.

கேரளத்தின் சேந்தமங்கலத்தில் இன்னொரு கல் இருக்கிறது. இஸ்ரவேலின் மகள் சாராவின் கல்லறைக்கல். அதில் உள்ள ஆண்டு 1269-க்கு இணையானது. இந்தியாவில் கிடைத்த மிகப் பழைய எபிரேயக் கல்லெழுத்தாக அதைக் கருதுகிறார்கள். கொடுங்கல்லூரிலிருந்து அங்கே கொண்டுவந்தார்கள் என்பது மரபு. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சியின் கழிமுகத்தைத் திறந்துவிட்டதாகச் சொல்வதுண்டு. கொச்சங்காடிப் பள்ளி எழுந்தது அதற்கு மூன்றே ஆண்டுகள் கழித்து. ஆண்டுகளையும் இடங்களையும் ஒரே திரையில் வைத்துப் பார்த்தால், துறைமுகம் நகர்ந்ததும் அதன் பின்னால் மக்கள் நகர்ந்ததும் கண்ணுக்குத் தெரியும்.

இவற்றில் நெஞ்சை அதிகம் அழுத்துவது மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் யூதப் பள்ளி. 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இஸ்ரேல் உருவான பிறகு 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள்; வழிபாடு நின்றது, கட்டடம் கிடங்கானது. செதுக்கி வண்ணம் தீட்டிய அதன் மரவேலைப்பாடுகள் 1990-களில் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. இன்று அங்கே போகிறவர்கள் கொச்சித் தச்சரின் கைவேலையை அண்ணாந்து பார்க்கலாம். அந்த வேலைப்பாட்டைத் தாங்கிய மட்டாஞ்சேரிச் சுவரோ 2019-இன் மழையில் இடிந்து விழுந்தது. உள்ளறை ஒரு நாட்டில், சுவர் இன்னொரு நாட்டில். இந்தப் பிரிவைச் சுற்றுலா வரைபடத்தின் ஒற்றைப் புள்ளி சொல்லாது.

சொல்லும் வழி கடினமானதல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் தோன்றிய இடம், இப்போதுள்ள இடம், இடம் மாறிய காலம், அதற்கான சான்று என நான்கு கட்டங்கள் போதும். இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ் அவற்றை வரைபடமாக்கிவிடும். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் எ. சுப்பராயலு முன்னெடுத்த தென்னிந்திய வரலாற்று வரைபடத் தொகுப்பு, கல்வெட்டில் வரும் ஊர்ப்பெயர்களைக்கூட நிலத்தில் பொருத்திக் காட்டலாம் என்று நிறுவியிருக்கிறது.

கொச்சியை அடுத்த திருப்பூணித்துறையில் இதற்கு இடமும் ஆளும் உண்டு. கொச்சி மன்னர்கள் 1865-இல் கட்டிய ஹில் பேலஸ் இப்போது தொல்லியல் அருங்காட்சியகம். பாரம்பரியக் கல்வி மையமும் அதே வளாகத்தில் இயங்குகிறது. பரதேசிப் பள்ளியை மட்டாஞ்சேரியில் இருந்த தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொள்ள இடம் தந்தது அதே அரச மரபுதான். அங்கே பயிலும் மாணவர்களுக்குக் களம் சில மணி நேரப் பயணத்துக்குள் அமைந்திருக்கிறது.

அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது படங்கள். 2019-க்கு முன் மட்டாஞ்சேரி போய்க் கடவும்பாகத்தைப் படமெடுத்தவர்கள் தமிழகத்திலும் இருப்பார்கள். எடுத்த ஆண்டைக் குறித்து அந்தப் படங்களைப் பொதுவில் பகிருங்கள். இடிந்த சுவரின் அளவையும் வளைவையும் அறிய அவை உதவும்.